கோதண்டபாணி தரம் பிரிக்காத சரக்கு

எங்கள் கம்பெனியில் தோலை அளக்கிற மெஷின் என்னுடையது. முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. பதினாறு வருஷமாக அதன் முன்னால் நான்தான் நிற்கிறேன், வேறு யாராவது கை வைத்தால் கத்துவேன். செண்பகம் என்கிற என் வாய்க்குப் பயந்து மேனேஜர் ஹஸன் பாயே சுற்றிக்கொண்டு போவார். அப்படிப்பட்ட வாயை ஒன்றரை வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறார் ஒரு மனுஷன். பேர் கோதண்டபாணி. எங்கள் செலக்டர். பாணி அண்ணன் என்று கூப்பிடுவோம். இனிமேல் என்னால் அடக்க முடியாது, எழுதித் தொலைக்கிறேன். பேர்களை மாற்றிவிட்டேன், தவிர எங்கள் கம்பெனியில் புத்தகம் படிக்கிற ஆள் ஒருவரும் கிடையாது. அந்தத் தைரியம்தான்.

செலக்டர் என்றால் தோலைத் தரம் பிரிக்கிறவர். சாயம் ஏற்றி, மெருகு ஏற்றி வருகிற ஆட்டுத் தோல் ஒவ்வொன்றும் முதலில் அவர் மேஜைக்குப் போகும். வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே நீள மேஜை. தோலை விரித்து, இடது உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால் வரை ஒரே தடவு. உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கீறல், அம்மைத் தடம், எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். பின்பக்கம் சாக்பீஸில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு என் மெஷினுக்குத் தள்ளுவார். வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவன்கூட அவர் நம்பரைத் தொட மாட்டான். முப்பது வருஷத்தில் போட்ட நம்பரை அழித்துத் திருத்தினார் என்ற பேச்சே இல்லை.

இதில் இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். தரம் பிரிக்காமல் மொத்தமாகத் தள்ளிவிடுகிற சரக்குக்கு டேபிள் ரன் என்று பேர். சுருக்கமாக டி.ஆர். நல்லதும் இருக்கும், சொத்தையும் இருக்கும், அள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். கையில் துட்டு கம்மியாக இருக்கிறவன் வாங்குவான். எங்களுக்குள் ஒரு ஆளைப் பார்த்து "நீ டி.ஆர்." என்று சொன்னால் சட்டையைப் பிடிப்பார்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் எங்களிடம் வந்தது 2014 ஆரம்பத்தில். வேலூரிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்து, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளை நீட்டினார். ஒவ்வொரு ஃபண்டுக்கும் நேராக ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம். ஃபண்ட் என்றால் மேனேஜர் ஒருவர் உட்கார்ந்து, நல்ல கம்பெனிப் பங்காகப் பார்த்துப் பார்த்து வாங்குவாராம். நமக்கு எந்த மேனேஜர் நல்லவர் என்பதுதான் கேள்வி. பாணி அண்ணன் தாளை மேஜையில் விரித்தார். ஐந்து நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்து, "இது ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்" என்றார். அவ்வளவுதான். பதினோரு பேர் மாசம் ஆயிரம், இரண்டாயிரம் என்று கையெழுத்துப் போட்டோம். நான் இரண்டாயிரம், அவரும் இரண்டாயிரம். தரம் பிரிக்கிறவர்களையே தரம் பிரிக்க எங்களிடம் ஆள் இருக்கிறார் என்று எங்களுக்கு எவ்வளவு கொழுப்பு தெரியுமா! அண்ணன் இதில் ஒரு பைசா கமிஷன் வாங்கியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷத்திலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டானது. ஆயுத பூஜை அன்று மேஜையைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பொரி கடலை தின்றதும், எல்லோரும் அவரவர் ஃபண்ட் பேப்பரை மேஜையில் வைப்போம். போன வருஷம் எது ஓடியது, எது படுத்தது என்று அண்ணன் பார்ப்பார். படுத்ததுக்கு "கழி". ஓடியதுக்கு "எடு". அடுத்த வாரம் ஏஜெண்ட் ஃபாரங்களோடு வந்து, பழையதை விற்றுப் புதியதில் மாற்றிக் கொடுப்பார். கழித்ததற்கு வரி, மாற்றியதற்கு ஏஜெண்டுக்குக் கமிஷன், மேனேஜருக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய். இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? பத்து வருஷம் இப்படியே ஓடியது.

அதே ஏஜெண்டிடம் துட்டைப் போட்டும் அந்தக் கூட்டத்தில் சேராத ஒரே ஆள் அவர் மனைவி பாரதி அண்ணி. பக்கத்து ஷூ கம்பெனியில் தையல் வேலை. முதல் நாளே சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பக்கம் வந்து ஏஜெண்டிடம், "எனக்கு வருஷா வருஷம் வந்து நிக்க நேரமில்ல சார். எல்லா கம்பெனியும் மொத்தமா இருக்கற மாதிரி எதனா இருக்குதா?" என்று கேட்டார்.

ஏஜெண்டுக்கு முகம் சுருங்கியது. "இருக்குதும்மா, இண்டெக்ஸ்னு. பெரிய கம்பெனி அம்பதையும் அப்படியே வாங்கி வெச்சிடும். பிரிக்கறதுக்கு ஆள் கெடையாது. செலவு கம்மி, ஆனா பெருசா ஒண்ணும் இருக்காது" என்றார்.

"அதுல போடுங்க ரெண்டாயிரம்."

பாணி அண்ணன் கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். "செலக்டர் பொண்டாட்டி டி.ஆர். வாங்கிட்டாடா!"

2024 ஜூன் மாசம். மாடி கட்ட அண்ணனும் அண்ணியும் லோன் கேட்டார்கள் என்று பேங்கில் இரண்டு பேர் கணக்கையும் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் பாணி அண்ணன் இரண்டு தாளை மடித்து என் மெஷினுக்கு எடுத்துவந்தார். கம்பெனியில் கூட்டல் கழித்தல் என்றால் நான்தான்.

"எங்கயோ தப்பு இருக்குது செண்பகம், பாரு."

பார்த்தேன். இரண்டு பேரும் மாசம் இரண்டாயிரம், பத்து வருஷம். அண்ணியின் தாளில் ஐந்து லட்சத்துப் பத்தாயிரம். அண்ணன் தாளில் நாலு லட்சத்துப் பத்தாயிரம். திரும்ப ஒரு தடவை பார்த்தேன்.

"தப்பு இல்லண்ணா. அண்ணிது ஒரு லட்சம் ஜாஸ்தி."

அவர் தோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உடனே என் தாள் ஞாபகம் வந்தது. என்னுடையதும் அதே நாலு லட்சம்தான். என் ஒரு லட்சம்! "இன்னாண்ணா இது, வருஷா வருஷம் தடவித் தடவிப் பிரிச்சியே, இதுக்குத்தானா?" என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். தோல் உரித்த மாதிரி இருந்தது அந்த முகம்.

நாலு நாள் கழித்து அவராகவே வந்து சொன்னார். "யோசிச்சிப் பாத்தேன். தோல்ல நான் பாக்கறது இன்னிக்கி மேஜை மேல கெடக்கற தோலு. ஃபண்டுல நான் பாத்தது போன வருஷத்துத் தோலு. அது எப்பவோ ஷூவாயி, எவனோ மாட்டினு நடக்கறான். நான் இங்க ஒக்காந்து அதைத் தடவினு இருந்திருக்கேன்."

"அப்ப மேனேஜருங்க எல்லாம் சும்மாவா?"

"ஒருத்தன் ரெண்டு பேரு ஜெயிக்கறான், இல்லன்னு சொல்லல. அவன் யாருனு மொதல்லயே தெரியணுமே? ஜெயிச்ச பொறவுதான் நமக்குத் தெரியுது. நாம போயி ஏறறதுக்குள்ள அவன் எறங்கிடறான். எறங்காதவனும் வருஷா வருஷம் கூலிய எடுத்துக்கறான். பாரதிது ஒண்ணுமே பண்ணாம கெடந்துது, அதான் வளந்துது."

"இதை மிச்சம் ஒம்பது பேருக்கும் சொல்லு."

"சொல்லிடறேன்."

எங்கே சொன்னார்? ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. காலையில் வந்தால் "இன்னிக்கி சொல்லிடறேன்" என்பார். சாயந்திரம் சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பார்க்காமல் போவார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். செலக்டரின் நம்பர் ஒரு இடத்தில் தப்பு என்றால் எல்லா இடத்திலும் தப்பாகிவிடும். நாளைக்குத் தோல் விற்கிறவன், "ஃபண்டுல கோட்டை விட்டவன்தானே நீ, என் தோலுக்கு மூணாம் நம்பர் போட வந்துட்டியா?" என்பான். "சரி, உன் துட்டையாவது எடுத்து மாத்திக்கோண்ணா" என்றேன். "பத்து பேரை உள்ள வெச்சிப் பூட்டிட்டு நான் மட்டும் ஜன்னல் வழியா எகிறிக் குதிக்கறதா?" என்றார். மாசா மாசம் ஐந்தாம் தேதி எல்லோர் துட்டும் அதே ஃபண்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆப்பைப் பிடுங்கின குரங்குக்கு வால் மாட்டின மாதிரி அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இந்த நேரத்தில்தான் கிறிஸ்டினா வந்து நின்றாள்.

கிறிஸ்டினா எங்கள் கம்பெனியில் தோலின் ஓரத்தை வெட்டுகிறவள். முப்பத்தொரு வயது. அவள் புருஷன் ராஜேஷ் வேன் ஓட்டினவன், நாட்றம்பள்ளி ஹைவேயில் லாரி மோதிச் செத்துப்போய்விட்டான். மூன்று வருஷம் கோர்ட்டுக்கு நடந்து நஷ்டஈடு வந்தது, பன்னிரண்டு லட்சம். ஒரே பெண் ஜீவா, இரண்டாம் வகுப்பு. அந்தத் துட்டை விட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் கிடையாது. வாடகை வீடு, மாமியார் வீட்டோடு பேச்சு இல்லை. வாணியம்பாடிப் பக்கம் ஒருத்தன் நூற்றுக்கு மாசம் மூன்று ரூபாய் வட்டி தருகிறேன் என்று தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தான். அப்படித் தருகிறேன் என்றவர்கள் எல்லாம் பிறகு எங்கே போனார்கள் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"நான் அவன்கிட்டப் போவல, பாணியண்ணா. ஆயுத பூஜைக்கு நானும் பேப்பர் எடுத்துனு வர்றேன். உங்க கையால பாத்து ஜீவாவுக்கு ஃபர்ஸ்ட் செலக்‌ஷனா குடுங்க" என்றாள்.

பாணி அண்ணன் ஒரு வாரம் சோறு இறங்காமல் அலைந்தார். பத்து வருஷம் தனக்கே தெரியாமல் எங்களைக் கெடுத்தது ஒன்று. தெரிந்தே ஒரு தகப்பன் இல்லாத பெண்ணின் துட்டைப் போன வருஷத்து நட்சத்திரத்தில் கட்டுவது வேறு. ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது, சாப்பாட்டு நேரத்தில், என் மெஷின் பக்கத்தில் வைத்து அவளிடம் சொல்லியேவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"கிறிஸ்டினா, பிரிக்கவே வேணாம்மா. மூணு லட்சம் பேங்குல கெடக்கட்டும். மிச்சம் ஒம்பதை மொத்த லாட்டா இருக்கற இண்டெக்ஸ்ல போடு. பத்துப் பன்னெண்டு வருஷம் அதைத் திரும்பிப் பாக்காத. எறங்கும், ஏறும், நீ தொடாத."

அவள் கையில் இருந்த டிபன் பாக்ஸை மூடினாள். "மொத்த லாட்டுன்னா டி.ஆர்.தானே?"

"அது வந்து..."

"அவங்க பதினோரு பேருக்கும் பாத்துப் பாத்துப் பிரிச்சிக் குடுத்தீங்க. எனக்கு டி.ஆர்.ரா? புருஷன் இல்லாதவளுக்கு இது போதும்னுட்டீங்களாண்ணா?"

"ஐயோ, இல்லம்மா! பாரதிதே அதுலதான் இருக்குது, எங்களது எல்லாத்த விடவும் ஜாஸ்தி..."

"அண்ணிக்கு நீங்க இருக்கீங்க. எனக்கு யாரு இருக்கா?"

நான் சும்மா இருப்பேனா? "அடியே, அவரு சொல்றது நிஜம்டி" என்று பாய்ந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ மட்டும் ஃபர்ஸ்ட் செலக்‌ஷன் வெச்சினு எனக்கு புத்தி சொல்றியாக்கா?" என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள். ஸ்ப்ரே மெஷின் சூரியபிரகாஷ் இதை அரையும் குறையுமாகக் கேட்டுவிட்டு, கேன்டீனில் போய், "பெருசு எதையோ நல்ல ஃபண்டா ஒளிச்சி வெச்சிருக்குது, அதான் எல்லாரையும் டி.ஆர்.ல தள்ளப் பாக்குது" என்று பரப்பிவிட்டான். மூன்று மாசம் முக்கி முக்கி வெளியே வந்த உண்மைக்கு நடந்த மரியாதை அதுதான். சாயந்திரம் கிறிஸ்டினா சொல்லி அனுப்பினாள், அடுத்த திங்கட்கிழமை வாணியம்பாடி ஆளிடம் துட்டைக் கொடுக்கப் போகிறாளாம்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. மேஜை கழுவிப் பொட்டு வைத்திருந்தது. பொரி தின்று முடித்தோம். ஏஜெண்டும் வந்திருந்தார், கையில் இருபது ஃபண்ட் பேர் அச்சடித்த தாள். கிறிஸ்டினா தூரத்தில், கதவோரம் நின்றாள். பாணி அண்ணன் அவளைக் கூப்பிட்டார். "வா, உன்துதான் மொதல்ல."

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். இடது கையை மேலே வைத்துக் கீழே வரை மெதுவாகத் தடவினார். மறுபடியும் மேலே போனார். ஒரு பேரில் நின்றார், தலையை ஆட்டினார், தாண்டினார். கால் மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் சாக்பீஸை எடுத்து, இண்டெக்ஸ் ஃபண்ட் பேருக்குப் பக்கத்தில் ஒன்று என்று போட்டார்.

"இருவதையும் பாத்தேன். இதான் ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்."

"சார், அது இண்டெக்ஸு..." என்று ஏஜெண்ட் ஆரம்பித்தார்.

"நான் செலக்ட் பண்ணது. எழுது."

கிறிஸ்டினா மேஜையில் தலையை வைத்துக் கும்பிட்டாள். "அன்னிக்கி என்னைச் சோதிச்சிப் பாத்தீங்களாண்ணா?" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சூரியபிரகாஷ் முண்டியடித்து, "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல, ஒளிச்சி வெச்சிருந்தாரு! எங்களுக்கும் அதே!" என்றான். பழையது இருக்கட்டும், இனிமேல் போடுகிறது எல்லாம் இதில் என்று பத்து பேருக்கும் எழுதிக் கொடுத்தார். எனக்கும்தான். அந்தப் பாராட்டை எல்லாம் அவர் வாங்கிக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. வாழ்க்கையில் பார்க்காமல் போட்ட முதல் நம்பர் அது. திட்டவும் மனசு வரவில்லை, பெருமைப்படவும் வரவில்லை.

அத்தோடு முடிந்ததா என்றால், அதுதான் இல்லை. அடுத்த பிப்ரவரியில் மார்க்கெட் விழுந்தது. கிறிஸ்டினாவின் ஒன்பது லட்சம் எட்டுக்குக் கீழே போயிற்று. டி.ஆர். என்று சொல்லிக் கொடுத்திருந்தால், "மொத்த லாட்டும் எறங்குது, ஏறும்போது ஏறும்" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். இப்போது எப்படிச் சொல்வது? "செலக்‌ஷன் சரக்கு எப்படிண்ணா எறங்கும்?" என்று சூரியபிரகாஷ் தினமும் மேஜைக்கு வந்து நின்றான். "கழிச்சிட்டு வேற எடுண்ணா." "ஆயுத பூஜை இல்லாம மேஜையில பேப்பர் ஏறாது" என்று அண்ணன் ஒரு சட்டம் போட்டார், அதைச் சொல்லியே எட்டு மாசம் தள்ளினார். கிறிஸ்டினா கத்தவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. காலையில் வரும்போது அவர் மேஜையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவாள். அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் தன் நெஞ்சில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் என்னிடம் சொன்னார்.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. துட்டு ஏறி பழையபடி ஒன்பதுக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு வருஷத்துக்கு லாபம் ஒன்றும் இல்லை. தங்கமோ எங்கேயோ போய்விட்டது. சூரியபிரகாஷ் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வேறு ஒரு ஃபண்டின் தாளோடு வந்தான். பாணி அண்ணன் எல்லோர் பேப்பரையும் வாங்கினார். ஒவ்வொன்றாக விரித்தார், தடவினார், சூரியபிரகாஷின் தாளையும் தடவினார். "இது அடுத்த வருஷம் ஒடையும்" என்று அவனுடையதைத் தள்ளினார். அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது! மற்றதிலெல்லாம் மறுபடி ஒன்று என்று போட்டு, "இருக்கட்டும்" என்றார். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் நான் அவருக்கு டீ எடுத்துப் போனேன். "எத்தினி நாளைக்குண்ணா இந்தப் பேஜாரு?" என்று கேட்டேன்.

"வர்ற ஜூனோட எனக்கு அம்பத்தெட்டு. ரிட்டயர் ஆயிட்டு ஒடுகத்தூர் போயிடுவோம். பாரதி அப்பா விட்ட நெலம் முக்கால் ஏக்கர் இருக்குது, வேர்க்கடலை போடலாம்." ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் ரத்தம் ஓடிப் பார்த்தேன். "அங்க யாரும் எங்கிட்ட பேப்பரு நீட்ட மாட்டான்."

பின்னால் கிறிஸ்டினா நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஜீவாவுக்குக் கொஞ்சம் பொரி கேட்க வந்திருக்கிறாள்.

"நீங்க போய்ட்டா ஜீவா துட்டை யாருண்ணா பாப்பாங்க?" என்றாள். "எனக்கு பயமாகீதுண்ணா. அந்த வாணியம்பாடி ஆளு இன்னும் ஃபோன் பண்றான். நீங்க பாத்து நம்பர் போடறீங்கன்ற ஒரே தைரியத்துலதான் வேணாம்னு சொல்லினு இருக்கேன்."

பாணி அண்ணன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சொல்லிடுண்ணா, இப்பவாவது சொல்லிடு என்று எனக்குள் துடித்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. போன வருஷமே பார்த்தாயிற்றே.

"வர்றேம்மா" என்றார். "ஒடுகத்தூர்ல இருந்து பஸ்ஸு இருக்குது. ஆயுத பூஜைக்கு வந்து பாத்துட்டுப் போறேன்."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்."

"ஜீவா காலேஜ் சேர்ற வரைக்கும்ணா? இன்னும் ஒம்பது வருஷம் இருக்குது."

"ஒம்பது வருஷம் வர்றேன். போ, பொரி எடுத்துக்கோ."

அவள் மேஜையின் அந்தக் கோடியில் போய்ப் பேப்பரில் பொரியை அள்ளிக் கட்ட ஆரம்பித்தாள். பாணி அண்ணன் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, "எனக்கு சுகர் இருக்குது, பிரஷர் இருக்குது செண்பகம். ஒம்பது வருஷம்னு வாய்க்கு வந்துடுச்சி. நான் இல்லாத வருஷம் நீ நம்பர் போடு" என்றார்.

"நானா? எனக்கு தோலை அளக்கத்தான் தெரியும்ணா. பிரிக்கத் தெரியாதே!"

"பிரிக்கவா சொல்றேன்? தாளை விரிச்சி கொஞ்ச நேரம் தடவு. ஒண்ணுன்னு எழுது. அவ துட்டை எடுக்காம வீட்டுக்குப் போனாப் போதும்."

கிறிஸ்டினா பொட்டலத்தைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, நிம்மதியாகச் சிரித்தாள்.

"சரிண்ணா" என்றேன்.